நீச்சல் குளத்துத் தண்ணீர் மட்டம் தானாகச் சரியாக நிற்க: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி, முட்டம் பக்கத்து விடுதிகள், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் ஹோம்ஸ்டேக்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டும் சின்னக் குளங்கள் என்று நம்ம மாவட்டத்தில் பூல் கட்டுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கட்டி முடித்த பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் குறைந்தால் தானாக நிரம்ப வேண்டும், நிரம்பியதும் தானாக நிற்க வேண்டும், அதற்கு என்ன வழி? வழி நிறைய இருக்கிறது. ஆனால் நிரப்பும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் இல்லாமல் எந்த வழியையும் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது கீழே வருகிறது.

தினமும் தண்ணீர் குறைகிறது. வெயிலில் ஆவியாகிறதா, எங்கேயாவது கசிகிறதா?

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் குறைந்தால் அது ஒரு லிட்டர். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள பூலுக்குப் பரப்பு 50 சதுர மீட்டர், அதில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 500 லிட்டர் போயிருக்கிறது. சாதாரண வெயில் நாளில் 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆவியாகும், அதாவது அந்த பூலில் 200 முதல் 300 லிட்டர். காற்று அடித்தால் இன்னும் கூடும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வரும் காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சுற்ற வைக்கிறது, அந்தக் காற்று படும் தோவாளை பக்கத்து பூலும், மரங்கள் சூழ்ந்த அருமனை பக்கத்து பூலும் ஒரே அளவில் தண்ணீர் இழக்காது. அதனால் பக்கத்து ஊர்க்காரர் சொல்லும் அளவை வைத்து உங்கள் பூலை முடிவு செய்ய வேண்டாம்.

கசிவா இல்லையா என்று பார்க்க வாளிச் சோதனைதான் நம்பகமானது. ஒரு வாளியில் பூல் தண்ணீரையே நிரப்பி, உள்ளே கல் ஒன்றைப் போட்டு, பூலின் படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளே இருக்கும் மட்டமும் வெளியே பூலின் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்து, இரண்டு இடத்திலும் கோடு போடுங்கள். தானாக நிரப்பும் வால்வை மூடிவிடுங்கள், யாரும் குளிக்க வேண்டாம், மழை இல்லாத நாளாக இருக்கட்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆவியானதுதான். பூலில் மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் கசிவு. பம்ப் ஓடும்போது ஒரு நாள், நிறுத்தி வைத்து ஒரு நாள் என்று இரண்டு முறை செய்யுங்கள். ஓடும்போது மட்டும் இழப்பு கூடினால் ஃபில்டரிலிருந்து பூலுக்குத் திரும்பும் அழுத்தக் குழாயில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும், இரண்டு நாளும் ஒரே மாதிரி கூடுதலாகப் போனால் பூலின் சுவர், விளக்குக் குழி, டைல்ஸ் இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள்.

மட்டம் சரியாக எங்கே நிற்க வேண்டும்?

ஸ்கிம்மர், அதாவது மேலே மிதக்கும் குப்பையைத் தண்ணீரோடு இழுக்கும் சுவர்த் திறப்பு, வைத்த பூல் என்றால் அந்த ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்தில். அதற்குக் கீழே இறங்கினால் பம்ப் காற்றை இழுக்கும், ஓட்டம் அறுந்து வறண்டு ஓடும், பம்ப் தண்டில் கசிவைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடாகிக் கருகும், பக்கத்தில் இருக்கும் பிவிசி யூனியன் (குழாய் இணைப்பு) கூட இளகிவிடும். அதற்கு மேலே ஏறி வாய் முழுக மூழ்கினால் மேலே மிதக்கும் தூசியையும் இலையையும் ஸ்கிம்மர் இழுக்காது.

ரப்பர் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம். ஸ்கிம்மர் கூடை நிறைய இலை அடைத்தால், பூலில் தண்ணீர் நிறைய இருந்தாலும் ஸ்கிம்மருக்குள் மட்டம் இறங்கி பம்ப் காற்றை இழுக்கும். மட்டம் குறைந்துவிட்டது என்று நினைத்து தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். கூடையைச் சுத்தம் செய்தால் போதும்.

அண்ணே, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிற ஃப்ளோட் வால்வு போதாதா? எதற்கு சென்சார், கண்ட்ரோலர் எல்லாம்?

சின்ன வீட்டு பூலுக்கு தாராளமாகப் போதும், நான் முதலில் அதைத்தான் சொல்வேன். கரண்ட் வேண்டாம், ஷாக் பயம் இல்லை, பிளம்பர் யாரும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை, அந்த மாதிரி நேரத்திலும் ஃப்ளோட் வால்வு தன் வேலையைச் செய்யும்.

அதன் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். மட்டம் மெதுவாக ஏற ஏற வால்வும் மெதுவாக மூடும், கடைசியில் நூல் போல ஒழுகிக்கொண்டே இருக்கும். பூலில் அலை எழுந்தால் ஒவ்வொரு அலைக்கும் திறந்து மூடும், வாஷர் சீக்கிரம் தேயும். ஆட்கள் குளிக்கிறார்களா, மழை பெய்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எவ்வளவு தண்ணீர் விட்டது என்றும் சொல்லாது. விடுதி பூலுக்கு இது போதாது என்று நான் சொல்வதற்கு இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம்.

சென்சாரில் எது நல்லது?

கடையில் நாலைந்து வகை கிடைக்கும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பேசத் தேவையில்லை.

கேபிளில் தொங்கும் ஃப்ளோட் ஸ்விட்ச், அதாவது சம்ப்பிலும் தொட்டியிலும் போடுவது, பூலுக்குச் சரிவராது. அது சாய்ந்து எழுந்தால்தான் வேலை செய்யும், அதற்கு மட்டம் 15, 20 சென்டிமீட்டர் மாற வேண்டும். நமக்கு வேண்டியது இரண்டு மூன்று சென்டிமீட்டர். ஓவர்ஃப்ளோ பூலில் விளிம்பு வழிந்து வரும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் பேலன்ஸ் டேங்கில் போட மட்டும் அது ஏற்றது.

நிமிர்ந்த கம்பியில் ஏறி இறங்கும் சின்ன மிதவை, உள்ளே காந்தம், கம்பிக்குள் காந்தம் அருகில் வந்தால் மாறும் ரீட் ஸ்விட்ச் என்று இருப்பது எளிமையானது, விலையும் கம்மி. 12 வோல்ட்டில் ஓடும். உப்புப் படிந்து மிதவை சிக்கிக்கொள்வதுதான் இதன் ஒரே பெரிய கோளாறு, மாதம் ஒரு முறை துடைத்தால் தீர்ந்தது.

மூன்று கம்பி ப்ரோப் வகையில் ஒன்று பொதுவானது, அது மற்ற இரண்டையும்விட நீளமாகக் கீழே இறங்கியிருக்கும், ஒன்று நிரப்பத் தொடங்க, இன்னொன்று நிறுத்த. தண்ணீர் வழியாக மெல்லிய மின்னோட்டம் போகிறதா என்று பார்த்து மட்டத்தை அறியும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: மேல்தொட்டிக்கு விற்கும் மலிவான கண்ட்ரோலர்களில் சிலது ப்ரோபுக்கு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கொடுக்கும். குளோரின் கலந்த தண்ணீரில் டிசி கொடுத்தால் கம்பி அரித்துப் போகும், மேலே வெள்ளையாகப் படியும், சில மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கும். ப்ரோபுக்கு ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) கொடுக்கும் ரிலே வாங்குங்கள், கம்பி எஸ்எஸ் 316 என்ற ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

அல்ட்ராசோனிக் சென்சார் தண்ணீரைத் தொடாது என்பதால் நல்லது என்பார்கள். திறந்த பூலில் காற்று, அலை, ஈரம் படிவது, பூச்சி கூடு கட்டுவது எல்லாம் அதற்கு எதிரி. மூடிய பேலன்ஸ் டேங்கிலும்கூட ஈரம் படிந்து தடுமாறும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அழுத்தத்தை அளக்கும் சென்சார் நன்றாக வேலை செய்யும், பெரிய விடுதி என்றால் யோசிக்கலாம்.

பிள்ளைகள் குதித்தால் அலை வருகிறதே, சென்சார் குழம்பாதா?

குழம்பும். அதனால்தான் சென்சாரை பூலுக்குள் வைக்கவே கூடாது. பூலுக்கு வெளியே ஒரு சின்னக் குழியில் 4 அல்லது 6 இஞ்ச் பிவிசி குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் அடியையும் பூலையும் ஒரு இஞ்ச் குழாயால் இணைத்துவிடுங்கள். இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே நிற்கும், ஆனால் அந்த ஒடுக்கமான குழாய் வழியாக அலை உள்ளே வராது. இன்னும் அமைதியாக வேண்டுமானால் இணைப்புக் குழாயின் வாயில் சின்னத் துளை போட்ட மூடியை மாட்டுங்கள். மேலே மூடி கட்டாயம், இல்லாவிட்டால் தவளை குடியேறும், சென்சாரை அசைத்துக்கொண்டே இருக்கும்.

அலையைவிட ஆட்கள் இறங்குவதுதான் பெரிய விஷயம். 30 கிலோ எடையுள்ள பத்துப் பிள்ளைகள் இறங்கினால் கிட்டத்தட்ட 300 லிட்டர் தண்ணீரை விலக்குவார்கள், 50 சதுர மீட்டர் பூலில் மட்டம் 6 மில்லிமீட்டர் ஏறும். அதனால் மட்டத்தைப் பகலில் பார்த்து நிரப்புவதே தேவையில்லாத வேலை. விடியற்காலை நாலு மணிக்கு, பம்ப் நின்று ஒரு மணி நேரம் ஆனபிறகு, ஒரே ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பும்படி டைமரைச் சேர்த்துவிடுங்கள். யாரும் குளிக்காத, காற்று அடங்கிய, தண்ணீர் அசையாத நேரம் அது.

மேல்தொட்டியிலிருந்து லைன் எடுத்து சோலனாய்டு வால்வு போட்டேன். சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை. வால்வு பழுதா?

சோலனாய்டு என்பது கரண்ட் கொடுத்தால் திறக்கும் வால்வு. பெரும்பாலும் வால்வில் கோளாறு இல்லை, அழுத்தம் போதவில்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் சோலனாய்டு வால்வுகள் தண்ணீரின் அழுத்தத்தையே பயன்படுத்தித் திறக்கும் வகை, அவற்றுக்குப் பெரும்பாலும் அரை பார் அளவாவது அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார். ஒற்றை மாடி வீட்டின் மேல்தொட்டி பூலைவிட நாலு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 பார், தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அதுவும் குறையும், குழாய் வளைவுகளில் இன்னும் கொஞ்சம் போகும். வாஷிங் மெஷின் வால்வைக் கழற்றி மாட்டுபவர்களுக்கும் இதே பிரச்சினைதான். அதோடு அதன் மின்சுருளில் (coil) 230 வோல்ட், அதை பூல் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது.

பூஜ்ய அழுத்தத்திலும் திறக்கும் வால்வு என்று கேட்டு வாங்குங்கள், அல்லது மோட்டார் வைத்த பால் வால்வு (ball valve, உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பித் திறக்கும் வகை) போடுங்கள். மோட்டார் பால் வால்வில் ஒரு சிக்கல் உண்டு: கரண்ட் போனால் பல மாடல்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும், திறந்திருந்தால் திறந்தபடியே. கரண்ட் போனால் தானாக மூடும் மாடலா என்று பார்த்து வாங்க வேண்டும். சோலனாய்டில் கரண்ட் இல்லாதபோது மூடியிருக்கும் வகையை வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

வால்வுக்கு முன்னால் ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர் (குழாயில் மாட்டும் வலை வடிகட்டி) போடுங்கள். போர் தண்ணீரில் வரும் நுண்மணல் வால்வை மூடும் ரப்பர் சவ்வில் (டயாபிரம்) ஒரே ஒரு துகள் உட்கார்ந்தாலும் வால்வு முழுதாக மூடாது. அதற்கும் முன்னால் கையால் திருகும் பால் வால்வு ஒன்று, என்ன ஆனாலும் கடைசியில் கையால் மூட முடிய வேண்டும்.

வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால்?

அரை இஞ்ச் லைனில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ராத்திரி எட்டு மணி நேரத்தில் 9,600 லிட்டர் வழிந்து ஓடியிருக்கும். மேல்தொட்டியும் காலி, அதை நிரப்ப மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், போட்ட குளோரினும் கழுவிப் போயிருக்கும்.

இதற்கு எளிய காவல் இருக்கிறது. தினசரித் தேவை 300 லிட்டர், லைனில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்றால் 20 நிமிடம் போதும். 45 நிமிடத்துக்கு மேல் வால்வுக்குக் கரண்ட் போகாதபடி டைமர் வையுங்கள், அந்த எல்லையைத் தொட்டால் கண்ட்ரோலர் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஆள் வந்து பட்டனை அழுத்தினால்தான் மறுபடி வேலை செய்ய வேண்டும். தானாகவே மறுபடி தொடங்கும்படி வைத்தால் காவல் வைத்ததற்கே அர்த்தமில்லை. டைமர் காப்பாற்றுவது கண்ட்ரோலரும் சென்சாரும் தவறும்போது. வால்வே அழுக்கு மாட்டி மூடாமல் நின்றால் மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

அந்த மீட்டர் பற்றித்தான் கேட்கிறேன். தானாக நிரம்பும்போது மீட்டர் எதற்கு?

தானாக நிரம்புவதால்தான் வேண்டும். கையால் நிரப்பும் காலத்தில், "என்ன இது, முந்தாநாள்தானே ஹோஸ் போட்டோம்" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கசிவு அன்றைக்கே தெரிந்துவிடும். தானாக நிரம்பும் பூலில் மட்டம் என்றைக்கும் அழகாக நிற்கும், அடியில் குழாய் உடைந்து மண்ணுக்குள் தினம் ஆயிரம் லிட்டர் போனாலும் மேலே ஒன்றும் தெரியாது. தெரியும்போது தளம் இறங்கியிருக்கும், டைல்ஸ் பிளந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் ஏறியிருக்கும்.

தண்ணீர் நம்ம மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு, அப்படியிருந்தும் இடைப்பட்ட மாதங்களில் குடத்தோடு காத்திருக்கும் தெருக்கள் இருக்கின்றன. ஒருவர் பூலில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் தண்ணீர் அவர் வீட்டுத் தண்ணீர் மட்டும் இல்லை, அதே நிலத்தடியிலிருந்துதான் பக்கத்துக் கிணறும் ஊறுகிறது.

வீட்டு இணைப்புக்குப் போடும் சாதாரண மெக்கானிக்கல் மீட்டர் போதும். நிரப்பும் லைனில் மாட்டி, ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை எண்ணை எழுதுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் பூலின் குணம் தெரிந்துவிடும்: காற்று மாதத்தில் இவ்வளவு, மழை மாதத்தில் ஒன்றுமே இல்லை, பேக்வாஷ் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி ஓட்டிக் கழுவுவது) செய்த வாரத்தில் கொஞ்சம் கூடுதல். காரணமில்லாமல் எண் இரட்டித்தால் அந்த வாரமே வாளிச் சோதனை.

பேக்வாஷும் சின்னக் கணக்கு இல்லை. மணிக்கு 10 கன மீட்டர் பம்பில் மூன்று நிமிடம் பேக்வாஷ் செய்தால் 500 லிட்டர். தேதியோடு அதையும் நோட்டில் எழுதினால்தான் குழப்பம் வராது.

எங்கள் விடுதியில் நாலு பக்கமும் வழியும் ஓவர்ஃப்ளோ பூல். அதற்கும் இதே முறையா?

இல்லை. அங்கே பூலின் மட்டம் எப்போதும் விளிம்பில்தான் நிற்கும், ஏறி இறங்குவது பேலன்ஸ் டேங்க். அதனால் எல்லாக் கட்டுப்பாடும் பேலன்ஸ் டேங்கில்தான்.

அதில் நாலு மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். ஆகக் கீழே இருப்பது பம்ப் நிற்க வேண்டிய மட்டம். அதற்கு மேலே நிரப்பத் தொடங்கும் மட்டம், அதற்குச் சற்று மேலே நிரப்புவதை நிறுத்தும் மட்டம், ஆக மேலே வெளியே வழியும் குழாய். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் நிறைய இடம் காலியாக இருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். டேங்க் நிறைந்திருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து விளிம்பு வரை நிரப்பி வைப்பார்கள். காலையில் இருபது பேர் இறங்கினால் அவர்கள் விலக்கும் ஆயிரம் லிட்டருக்கும் மேலான தண்ணீர் போக இடமில்லாமல் சாக்கடைக்குப் போகும், அவர்கள் ஏறியதும் மட்டம் குறைந்துவிட்டதாக நினைத்து கண்ட்ரோலர் அதே அளவு புதுத் தண்ணீரை விடும். தினமும் இதே கதை. பம்ப் நிற்கும்போது வழிவாய்க்காலில் இருக்கும் தண்ணீரும் டேங்குக்குத்தான் இறங்கும், அதற்கும் இடம் வேண்டும்.

பெரிய பெரிய விடுதிகளில்கூட மாதம் முழுக்க நல்ல தண்ணீரை இப்படி ஓடவிடுவதைப் பார்த்தால் வயிறு எரியும். நிறுத்தும் ப்ரோபைக் கொஞ்சம் கீழே இறக்கினால் தீர்ந்துவிடும் விஷயம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

நிரப்புவதை மறந்துவிடுங்கள், வெளியேற்றுவதை யோசியுங்கள். 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் பூல் மட்டம் 100 மில்லிமீட்டர் ஏறும், 50 சதுர மீட்டரில் அது 5,000 லிட்டர். சுற்றியிருக்கும் தரைத்தளத்துத் தண்ணீரும் பூலுக்குள் சரிந்தால் இன்னும் பல மடங்கு. ஸ்கிம்மர் வாய்க்குச் சற்று மேலே 3 இஞ்ச் வழிகுழாய் ஒன்று, வலை மாட்டி, தாழ்வான இடத்துக்குச் சரிவாக. சோலனாய்டு, மோட்டார் எதுவும் இதில் வேண்டாம், கரண்ட் இல்லாத ராத்திரியில்தான் பெருமழை வரும். அந்தக் குழாயை வாய்க்காலிலோ ஊர்க் குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள், குளோரின் தண்ணீர் மீனுக்கு ஆகாது.

இன்னொன்று, இது முக்கியம். நாஞ்சில் நாட்டு வயல் பக்கம் கட்டிய பூலை மழைக்காலத்தில் முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலேறி நிற்கும் நேரத்தில் காலி பூலை அடியிலிருந்து தண்ணீர் தூக்கும், பூல் விரிசல் விடும், சில நேரம் மொத்தமாகவே எழும்பும். அடியில் அழுத்தம் விடும் வால்வு இருந்தாலும் அதை மட்டும் நம்பி இறைக்க வேண்டாம்.

ஷாக் அடிக்காதா?

சரியாகச் செய்தால் அடிக்காது. பூல் தண்ணீரைத் தொடும் எதற்கும் 12 வோல்ட்டுக்கு மேல் ஏசி கூடாது, அதுவும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக. கண்ட்ரோலர் பெட்டி பூல் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால், முடிந்தால் பம்ப் அறைக்குள். பூல் சர்க்யூட் முழுக்கவும் மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, எர்த் இல்லாத இடத்தில் வேலையே தொடங்க வேண்டாம். 230 வோல்ட் ஃப்ளோட் ஸ்விட்சை "எல்லா இடத்திலும் இதைத்தான் போடுவோம்" என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், இதில் சமாதானமே கிடையாது.

சித்திரை, ஐப்பசி மாத இடிமழையில் கண்ட்ரோலர் போர்டுகள் போவது சகஜம். மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் தாங்கிக்கொள்ளும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போட்டால் போர்டு விலை மிச்சம்.

கடற்கரையில் எதைப் போட்டாலும் துருப்பிடிக்கிறதே?

கோவளம், முட்டம், குளச்சல் பக்கம் உப்புக் காற்றுக்கு எஸ்எஸ் 304 கூடத் தாங்காது, 316 வாங்குங்கள். பெட்டி பிளாஸ்டிக்கில், தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்தில். வயர் நுழையும் துளைகள் அடிப்பக்கம் இருக்கட்டும், கிளாண்ட் போட்டு இறுக்குங்கள், டெர்மினலில் கிரீஸ் தடவுங்கள். எறும்பு, பல்லி இரண்டும் ரிலேயின் எதிரி, கான்டாக்டுக்கு இடையில் ஒரு எறும்பு நசுங்கினால் போதும், வால்வு திறக்காது. துளை ஒன்றும் திறந்து விடாதீர்கள்.

எந்தத் தண்ணீரை நிரப்பலாம்?

முக்கடல் அணையிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் குடிநீர் மாதிரி ஊர்க் குடிநீரை பூலுக்கு இணைக்காதீர்கள், அது குடிக்க. கிணறு, போர், சேமித்த மழைத்தண்ணீர் இவைதான் பூலுக்கு.

போர் தண்ணீர் என்றால் ஒரு டம்ளரில் பிடித்து ஒரு நாள் வைத்துப் பாருங்கள். மஞ்சளாகவோ செம்மண் நிறமாகவோ மாறினால் இரும்பு இருக்கிறது, குளோரின் பட்டதும் பூல் முழுக்கப் பழுப்பாகும், டைல்ஸில் கறை பிடிக்கும். இரும்பு நீக்கும் ஃபில்டர் வழியாகத்தான் நிரப்பும் லைன் வர வேண்டும்.

கடற்கரைப் போரில் உப்பு. இதில் பலருக்குப் புரியாத விஷயம், ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், உப்பும் கால்சியமும் பூலிலேயே தங்கும். தானாக நிரப்புகிற ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உப்பு உள்ளே வருகிறது, ஒன்றும் வெளியே போவதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் மாதம் ஒரு முறை பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றி மழைத்தண்ணீரைச் சேர்ப்பதுதான் வழி. கூரை மழைநீரை முதல் மழை கழித்து, வடிகட்டி, பூலுக்கே திருப்பும் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. அக்டோபரில் அப்படி ஏற்பாடு செய்து வைத்தால் மார்ச் வரை பூல் தண்ணீர் நன்றாக இருக்கும்.

போர் மோட்டாரையே சென்சார் ஆன் செய்யும்படி வைக்கலாமா?

வேண்டாம். சின்ன மட்ட வித்தியாசத்துக்கெல்லாம் மோட்டார் ஆன், ஆஃப் ஆகி வைண்டிங் போகும், கோடையில் போர் வறண்டால் வறண்ட ஓட்டம். தொட்டியை நிரப்புவது மோட்டாரின் வேலை, பூலை நிரப்புவது தொட்டியின் வேலை.

நிரப்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருக்கலாமா, சத்தம் வரவில்லையே?

கூடாது. மேல்தொட்டி காலியாகும்போது பூல் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வீட்டு லைனுக்குத் திரும்ப இழுக்கப்படலாம், சமையலறைக் குழாயில் பூல் தண்ணீர் வரும். வாய் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். சத்தம் தொல்லை என்றால் சென்சார் குழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் தண்ணீரை விழவிட்டு அங்கிருந்து பூலுக்குப் போகும்படி செய்யுங்கள்.

கட்டி முடித்த பூல். டைல்ஸை உடைக்காமல் செய்ய முடியுமா?

முடியும். பூலை ஒட்டி வெளியே ஒரு குழி தோண்டி, அதில் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வையுங்கள், பூலின் மட்டம் டிரம்மின் நடுவில் வரும்படி. தண்ணீர் நிரம்பிய குழாயை பூலிலிருந்து விளிம்பு வழியாக வளைத்து டிரம்முக்குள் விட்டால், இரண்டு வாயும் தண்ணீருக்குள் இருக்கும்வரை இரண்டின் மட்டமும் ஒன்றாக நிற்கும். டிரம்மில் ஃப்ளோட் வால்வு, நிரப்பும் தண்ணீர் டிரம்மில் விழுந்து குழாய் வழியாக பூலுக்குப் போகும். குழாயில் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்தாலும் டிரம் நிறைந்து ஃப்ளோட் மூடிவிடும், வழிந்து ஓடாது. வாரம் ஒரு முறை காற்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஃப்ளோட்டை ஸ்கிம்மருக்குள் மாட்டச் சொல்பவர்களும் உண்டு. பம்ப் ஓடும்போது ஸ்கிம்மருக்குள் மட்டம் பூலைவிடத் தாழ்ந்து நிற்கும், அதனால் அது தேவையில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

மொபைலில் பார்க்கும் வசதி வேண்டுமா?

வெளியூரில் இருந்துகொண்டு விடுதி நடத்துபவருக்கு உதவும், குறிப்பாக டைமர் பூட்டிக்கொண்ட செய்தி உடனே வருவது நல்லது. வைஃபை போனாலும் கண்ட்ரோலர் தன்னால் வேலை செய்யும் வகையாக இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு என்னென்ன?

மாதம் ஒரு முறை சென்சாரைத் துடைத்து, கையால் மிதவையைத் தூக்கி வால்வு மூடுகிறதா என்று பாருங்கள். ஒய் ஸ்ட்ரெய்னர் வலையைக் கழுவுங்கள். டைமர் எல்லையை ஒரு முறை வேண்டுமென்றே தொடவிட்டு சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் வழிகுழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள், மழை தொடங்கிய பிறகு அடைப்பு எடுப்பது சிரமம். மீட்டர் நோட்டு பம்ப் அறையிலேயே கயிற்றில் தொங்கட்டும், வேலைக்கு வரும் தம்பி யாராக இருந்தாலும் எண்ணை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.